எந்த விறகடுப்பு கட்டுவது? குமிழ் உயரத்தில் இருந்து தொடங்குங்கள்

ஐப்பசி அடைமழையில் கொட்டகை ஒழுகி, அம்மா வீட்டு மண் அடுப்பு ஒரு பக்கம் கரைந்து உட்கார்ந்துவிட்டது. அறந்தாங்கிப் பக்கம் ஊர். வீட்டில் கேஸ் இருக்கிறது. ஆனால் கேஸில் காபி, குழம்பு, அவசரத்துக்குத் தோசை, அவ்வளவுதான். உலை வைப்பது, குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, தீபாவளிப் பலகாரம் எல்லாம் விறகில்தான். சீமைக்கருவேலமும் தென்னை மட்டையும் காசில்லாமல் கிடைக்கிற ஊரில் அதற்கெல்லாம் சிலிண்டரை எரிக்க அம்மாவுக்கு மனம் வராது, அதில் எனக்கும் மறுப்பு இல்லை. சரி, பழையபடியே பூசிக் கட்டுவதா, இல்லை ராக்கெட் அடுப்பு, இரும்பு அடுப்பு என்று இப்போது பேசப்படுகிற ஏதாவது ஒன்றுக்கு மாறுவதா? மூன்று மாதம் படித்தும் கட்டியும் இடித்தும் பார்த்தோம். இதே முடிவை எடுக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. காற்றோட்டம் இல்லாத அறைக்குள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்கிற வீடு உங்களுடையது, கேஸ் வாங்கவும் முடிகிறது என்றால் தயங்காமல் கேஸுக்குப் போங்கள். விறகு, வரட்டி, கரி போன்றவற்றின் புகையால் வீட்டுக்குள் காற்று கெட்டு 2020இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. குறைந்த செலவில் கட்டுகிற எந்த விறகடுப்பும், எவ்வளவு கவனமாகக் கட்டினாலும், கேஸ் அளவுக்குச் சுத்தமாக எரியாது. 2016இல் வந்த உஜ்வலா திட்டத்தில் இணைப்பு வாங்கியும் அடுத்த சிலிண்டர் நிரப்பக் காசு இல்லாமல் விறகிலேயே நிற்கிற வீடுகள் உண்டு, எங்கள் வீடு போல இரண்டையும் வைத்துக்கொண்டு ஓட்டுகிற வீடுகளும் உண்டு. இது அவர்களுக்காக.

அடுப்பைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் குழப்பிக்கொள்கிற ஒரு விஷயம், விறகு மிச்சமாவதும் புகை குறைவதும் ஒன்றுதான் என்று நினைப்பது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அடுப்புக்குள் இரண்டு வேலை நடக்கிறது. விறகு முழுசாக எரிய வேண்டும். எரிந்து வந்த சூடு பாத்திரத்தில் ஏற வேண்டும். முதல் வேலை கெட்டால் புகை, ஏனென்றால் புகை என்பதே எரியாமல் போன விறகுதான். இரண்டாவது கெட்டால் விறகு வீண். ஆச்சரியம் என்னவென்றால், மூன்று கல் வைத்து எரிக்கிற தீயில்கூட விறகின் சத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாக வந்துவிடுகிறது. மிச்சம் எரியாமல் போகிற அந்தச் சிறு பங்குதான் கண்ணைக் கரிக்கிற அத்தனை புகையும். ஆனால் வந்த சூட்டில் பாத்திரத்துக்குள் ஏறுவது சாதாரணமாக 10 முதல் 15 சதவீதம், மீதி சுற்றி இருக்கிற காற்றுக்கும் மண்ணுக்கும் நம் முகத்துக்கும் போய்விடும். ஆக விறகு மிச்சமாக வேண்டும் என்றால் பாத்திரத்துக்கும் தீக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும், புகை குறைய வேண்டும் என்றால் தீ எரிகிற அறையைப் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது இன்னும் புரியும். ஐந்து லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டிய சூடு சுமார் 1,575 கிலோஜூல். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 16,000 கிலோஜூல் இருக்கிறது. சூடு எதுவும் வீணாகாமல் இருந்தால் 100 கிராம் விறகு, அதாவது கையில் அடங்குகிற இரண்டு சுள்ளி போதும்! 15 சதவீதம் ஏறுகிற அடுப்பில் அதே வேலைக்கு 650 கிராமுக்கு மேல் ஆகிறது, 30 சதவீதம் ஏறினால் அதில் பாதி. தினமும் இரண்டு வேளை உலை, அப்புறம் வெந்நீர் என்று பெருக்கிப் பாருங்கள், யாரோ ஒருவர் தலையில் சுமந்து வருகிற கட்டில் பாதி குறைகிறது.

இனி அம்மாவின் பழைய அடுப்பு. அடுப்பு வாயைச் சுற்றிப் பாத்திரம் உட்கார மூன்று குமிழ் இருக்கும் அல்லவா, அந்தக் குமிழ் எங்கள் அடுப்பில் நாலு விரல் உயரம். பானையை வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பானைக்கு அடியில் வருகிற தீ பானையைத் தொட்டும் தொடாமலும் குமிழ் இடுக்கு வழியாக வெளியே பாய்ந்து, பக்கவாட்டில் ஒரு சாண் தூரம் வரை நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அத்தனையும் வீண். உடனே ஒரு அவசர வேலை செய்தேன், குமிழை ஒரு விரல் உயரத்துக்குச் செதுக்கிவிட்டேன். அடுத்த நாள் காலை அம்மா அடுப்பு மூட்டினால் தீ பானைக்கு அடியில் ஏறவே மாட்டேன் என்கிறது, புகை மொத்தமும் விறகு வைக்கிற வாய் வழியாக அம்மா முகத்துக்கே வருகிறது. ஊதாங்குழலை எடுத்து அரைமணி நேரம் ஊதியும் பயனில்லை.

எங்கே தப்பு என்று கணக்கு போட்டபோதுதான் தெரிந்தது. மேல் வாய் வழியாக எவ்வளவு காற்று வருகிறதோ அவ்வளவும் பானைக்கு அடியில் இருக்கிற இடுக்கு வழியாக வெளியேற வேண்டும். வட்ட வாயோ சதுர வாயோ, இரண்டுக்கும் ஒரே விதிதான்: இடுக்கின் உயரம் வாயின் அகலத்தில் கால் பங்கு. எங்கள் அடுப்பின் வாய் 20 சென்டிமீட்டர், அதற்கு 5 சென்டிமீட்டர் இடுக்கு வேண்டும். நான் ஒரு விரல் விட்டால் தீ மூச்சு முட்டித்தானே போகும். வாயை 12 சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் 3 சென்டிமீட்டர் இடுக்கு போதும், தீ பானையோடு ஒட்டிக்கொண்டு ஓடும். குமிழை மட்டும் தனியாகத் தொடக் கூடாது, வாயோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற அடுப்புகளைப் பார்த்தால் எது நல்லது, எது வெறும் பேச்சு என்று பாதி தெரிந்துவிடும்.

மண் அடுப்பையே திருத்திக் கட்டுவது முதல் வழி. செலவு கிட்டத்தட்ட இல்லை. களிமண், வைக்கோல், சாணம், அரைநாள் வேலை. இதன் பெரிய பலம், எந்த விறகையும் தாங்கும். முழங்கால் கனமுள்ள கட்டையைச் சொருகிவிட்டு மாட்டைக் கட்டப் போகலாம், வந்து உள்ளே தள்ளிக்கொள்ளலாம். பலமாகக் களி கிண்டினாலும் அசையாது. கொடியடுப்பு வேறு பக்கத்தில் இருக்கிறது. பெரிய அடுப்பில் இருந்து மிஞ்சிப் போகிற சூட்டைத் துளை வழியாக வாங்கி இன்னொரு பாத்திரத்தைச் சூடாக்குகிற அந்த ஏற்பாட்டை நம் ஆட்கள் எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் செய்திருக்கிறார்கள், பருப்பு வேகவும் ரசம் ஆறாமல் இருக்கவும் அதுபோல ஒன்று கிடையாது. குறை என்ன என்றால் கனம். களிமண் சூட்டைத் தடுக்காது, குடிக்கும். அரைமுழ கனச் சுவர் உள்ள அடுப்பு முதல் அரைமணி நேரம் தன்னையே சூடாக்கிக்கொள்ளும், அதற்குள் நீங்கள் ஒரு வேளை உலையை இறக்கி இருப்பீர்கள். நெல் அவிக்கிற மாதிரி நாள் முழுக்க எரிகிற வேலைக்கு இது பெரிய நட்டம் இல்லை, காலையில் ஒரு சட்டி வெந்நீருக்கு நட்டம்தான்.

புகைபோக்கி வைத்த அடுப்பு இரண்டாவது. இது நம் நாட்டுக்குப் புதிதே இல்லை. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு 1950களிலேயே புகையில்லா அடுப்பு வடிவமைத்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா குழு 1980களில் மூன்று பாத்திரம் வைக்கிற அஸ்த்ரா ஒலெ அடுப்பைக் கொண்டுவந்தது. மத்திய அரசு 1983இல் தொடங்கி 2002 வரை நடத்திய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் நாடெங்கும் 3 கோடிக்கு மேல் அடுப்பு கட்டப்பட்டது. இன்று ஊருக்குள் போய்த் தேடினால் குழாய் மட்டும் சில வீடுகளில் நிற்கும், அடுப்பு இருக்காது. இலக்கு எண்ணிக்கைக்காகக் கட்டிக் கொடுத்தார்கள், குழாயில் படிகிற கரியை எப்படித் தட்டுவது என்று பல இடங்களில் சொல்லித் தரவில்லை, விரிசல் விட்டால் பூச ஆள் இல்லை. ஒடிசாவில் புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளைக் கொடுத்துவிட்டு எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் நாலு ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆண்டில் சமைப்பவர்கள் சுவாசிக்கிற புகை குறைந்தது, அதற்குப் பிறகு அந்த வித்தியாசமே மறைந்துவிட்டது, விறகும் மிச்சமாகவில்லை. அடுப்பைப் பராமரிக்காமல் விட்டதும் பயன்படுத்துவது குறைந்ததும்தான் காரணம்.

இதை வைத்துப் புகைபோக்கி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வீட்டுக்குள் சமைத்தால், கேஸும் இல்லை என்றால், புகைபோக்கி கட்டாயம் வேண்டும், விறகு கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை. ஆனால் அது புகையை இடம் மாற்றுகிறது, குறைப்பதில்லை என்பது நினைவில் இருக்கட்டும். குழாய் பெரிதாக இருந்து இழுவை அதிகமானால் பானைக்கு ஏற வேண்டிய சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். மாதம் ஒருமுறை கரி தட்ட யார் ஏறுவார்கள் என்பதை அடுப்பு கட்டுவதற்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். குழாயின் அடியில் திறந்து மூடுகிற ஒரு ஓட்டை விட்டால் தரையில் உட்கார்ந்தே கரியை வாரலாம்.

அப்புறம் ராக்கெட் அடுப்பு. அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள அப்ரோவெச்சோ மையத்தில் லாரி வினியார்ஸ்கி 1980களில் உருவாக்கிய முறை. காப்புரிமைச் சிக்கல் ஏதும் இல்லாமல் உலகம் முழுக்க யார் யாரோ கட்டுகிறார்கள். 'ட' எழுத்தைப் போல வளைந்த ஒரு சிறு சுரங்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கீழே படுக்கையாக இருக்கிற வாயில் சுள்ளியை வைக்கிறோம், தீ மூலையில் எரிகிறது, நெருப்பு செங்குத்தான குழாயில் ஏறிப் பானையில் முட்டுகிறது. விறகு வைக்கிற வாயும் மேலே போகிற குழாயும் ஒரே அகலம், வீட்டுப் பானைக்கு 12 சென்டிமீட்டர் சதுரம் போதும்; குழாயின் உயரம் அகலத்தைப் போல மூன்று மடங்கு. வாயின் நடுவில் ஒரு தகட்டுத் தட்டு, அதன் மேல் விறகு, அடியில் காற்று. இந்தத் தட்டுதான் பலர் விட்டுவிடுகிற விஷயம். தட்டு இல்லாமல் வாய் முழுக்க விறகை அடைத்தால் காற்று அடியில் இருந்து கங்குக்குப் போகாது, ராக்கெட் என்று பெயர் வைத்ததோடு சரி, புகைதான் வரும்.

இந்தக் குழாய்க்குள் ஏன் புகை குறைகிறது? புகை எரிய வேண்டும் என்றால் சூடும் காற்றும் தீயும் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் சேர்ந்திருக்க வேண்டும். குழாயின் சுவர் செந்தணலாக இருந்தால் புகை மேலே போவதற்குள் எரிந்துவிடுகிறது. சுவர் ஈரக் களிமண்ணாகவோ கனமான செங்கலாகவோ இருந்தால் அது சூட்டைக் குடித்துவிட்டுப் புகையை அப்படியே அனுப்பிவிடும். முதலில் கட்டியது நாட்டுச் செங்கல் ராக்கெட். மூட்டிய பிறகு இருபது நிமிடம் வரை பழைய அடுப்பைப் போலவேதான் புகைந்தது, செங்கல் காய்ந்து சூடேறிய பிறகே தெளிந்தது. சுவர் எடையில்லாமல், உள்ளே காற்றுப் பொதிந்து இருக்க வேண்டும். அதற்கு நம் ஊரிலேயே பொருள் இருக்கிறது, உமி. களிமண்ணோடு உமியோ மரத்தூளோ நிறையக் கலந்து கல் அறுத்துச் சூளையில் சுட்டால், உமி எரிந்து போய் அது இருந்த இடமெல்லாம் ஓட்டை ஓட்டையாக நிற்கும், கையில் எடுத்தாலே எடை வித்தியாசம் தெரியும். அப்படிப்பட்ட கல் கிடைக்காவிட்டால் மெல்லிய மண் ஓடுகளைக் குழாயாக நிறுத்திச் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குச் சாம்பலை நிரப்புங்கள். சாம்பல் அருமையான சூட்டுத்தடை, எந்த வீட்டிலும் விலை இல்லை. மணலை நிரப்பாதீர்கள், மணல் சூட்டைக் குடிக்கிற ஜாதி. வெறும் இரும்புத் தகட்டில் மூலையை வளைத்துப் போட்டால் சில மாதத்தில் அரித்துப் பொத்தலாகிவிடும், அதுவும் வேண்டாம்.

ராக்கெட்டின் உண்மையான விலை செங்கலில் இல்லை, விறகு பிளக்கிறதில் இருக்கிறது. கட்டைவிரல் கனத்துக்குச் சுள்ளி வேண்டும், அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே தள்ள வேண்டும். சீமைக்கருவேலத்தின் கிளை பெரும்பாலும் அந்தக் கனத்தில்தான் வருகிறது என்பதால் எங்களுக்குப் பிரச்சினை பாதிதான். புளியங்கட்டையும் வேப்பங்கட்டையும் எரிக்கிற வீட்டில் தினமும் யார் கோடாலி பிடிப்பது? அறுபது வயதுக்கு மேல் முழங்கால் வலியோடு இருக்கிற ஒரு அம்மாவுக்கு, விறகு பாதி மிச்சம் என்று சொல்லிவிட்டுப் பிளக்கிற வேலையை இரண்டு மடங்காக்கிக் கொடுத்தால், அந்த அடுப்பு கொஞ்ச நாளில் கோழி அடைகாக்கிற இடமாகிவிடும். பிளக்க ஆள் இருந்தால் மட்டும் ராக்கெட்.

கடையில் விற்கிற இரும்பு அடுப்பு பற்றி ஒரு அனுபவம். ஒரு பொருட்காட்சியில் பளபளவென்று இருந்த ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். முதல் மாதம் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு ஒருநாள் கேழ்வரகுக் களி கிண்டும்போது அடுப்பே சாய்ந்து, நல்லவேளை காலில் படவில்லை, களி தரையில். அடுத்த மழைக்காலத்துக்குள் உள்தகடு துருப்பிடித்து உதிர்ந்தது, மாற்றுத் தகடு கேட்டு விற்றவர்களுக்குப் போன் செய்தால் பதில் இல்லை. எல்லா இரும்பு அடுப்பும் இப்படி என்று சொல்லவில்லை. நல்ல ஒன்று வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அடிக்கடி இடம் மாறுகிறவர்களுக்கும் சரியான தேர்வு, ஏனென்றால் அவர்களால் கட்ட முடியாது, தூக்கிக்கொண்டு போக முடியும். வாங்கினால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13152 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; விசிறி இல்லாத அடுப்புக்குக் குறைந்தது 25 சதவீதமும், விசிறி வைத்ததற்கு 35 சதவீதமும் சூடு பாத்திரத்தில் ஏற வேண்டும் என்று அந்தத் தரம் சொல்கிறது. கூடவே, உள்ளே தீ படுகிற பாகம் கழற்றி மாற்றக்கூடியதா, நிறைந்த பானையை வைத்து மரக்கரண்டியால் பலமாகக் கிண்டினால் நிற்குமா என்று கடையிலேயே சோதியுங்கள்.

விசிறி வைத்த அடுப்பு விறகில் எரிகிறவற்றில் மிகச் சுத்தமானது, இதில் சந்தேகம் இல்லை. ஆனால் பேட்டரி, சார்ஜ், பழுது என்று பின்னாலேயே ஓட வேண்டும். ஊர்ஜா என்று பயிர்க்கழிவு வில்லைகளில் எரிகிற விசிறி அடுப்பு ஒன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உதவியோடு வந்தது, லட்சக்கணக்கில் விற்றது. வில்லையின் விலை ஏறியதும் வாங்குகிறவர்கள் கைவிட்டுவிட்டார்கள். வேலியில் வெட்டுகிற விறகுக்குக் காசு கிடையாது, கடையில் மட்டுமே கிடைக்கிற எரிபொருளை நம்பி அடுப்பு வாங்கினால் அந்தக் கடை நாளை என்ன விலை சொல்கிறதோ அதுதான் உங்கள் சோற்றின் விலை.

மரத்தூள் அடுப்பை இங்கே சேர்க்காமல் விட முடியாது. தகர டப்பாவின் அடியில் ஒரு ஓட்டை, நடுவில் பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் மரத்தூளை இடித்து நிரப்பி, பாட்டிலை மெதுவாகத் திருகி எடுத்தால் நடுவில் ஒரு குழி நிற்கும். அடியில் பற்றவைத்தால் மணிக்கணக்கில் தள்ளாமல் ஊதாமல் எரியும். மரவாடி பக்கத்தில் இருக்கிற வீடுகளில் ஒரு காலத்தில் இதுதான் முக்கிய அடுப்பு. ஒருமுறை நிரப்பினால் நடுவில் நிறுத்தவோ கூட்டவோ முடியாது, தூள் ஈரமாக இருந்தால் புகைந்து தள்ளிவிடும். திறந்த வெளியில் மட்டும் வையுங்கள், மூடிய அறைக்குள் வேண்டவே வேண்டாம், தணலாக எரிவதில் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். கரி போட்டு எரிக்கிற கும்முட்டி அடுப்புக்கும் இதே எச்சரிக்கைதான்.

இலங்கையில் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் ஏற்கெனவே இருக்கிறது. அனகி அடுப்பு, 1980களில் உருவாகி இன்றும் குயவர்கள் சக்கரத்தில் செய்து சந்தையில் விற்கிறார்கள். ஒரே துண்டாகச் சுட்ட மண், இரண்டு பாத்திரம் வைக்கலாம், வாங்கி வந்து சுற்றிலும் மண் பூசிவிட்டால் முடிந்தது. நம் கொடியடுப்பின் கருத்தையே குயவர் கையால் அளவு தவறாமல் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி. அரசு திட்டத்தில் கட்டிக் கொடுத்த அடுப்புகள் இங்கே காணாமல் போனதற்கும் அது அங்கே நிலைத்ததற்கும் எனக்குத் தெரிகிற காரணம் இதுதான், உடைந்தால் அதே குயவரிடம் இன்னொன்று வாங்கலாம். அறந்தாங்கிப் பக்கம் குதிரை, யானை என்று ஆள் உயரத்துக்கு மண்ணில் செய்து ஐயனார் கோவிலுக்கு நேர்த்திக்கடனாகக் கொடுக்கிற குயவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு இரட்டை அடுப்பு பெரிய வேலையா? ஒருவரிடம் அளவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், மழை ஓய்ந்து சூளை போடும்போது பார்க்கலாம் என்றிருக்கிறார்.

வெந்நீருக்கு மட்டும் என்றால் பாய்லரை மறக்காதீர்கள். நடுவில் குழாய் ஓடி, குழாய்க்குள் தீ, சுற்றிலும் தண்ணீர் என்று இருக்கிற அந்தப் பழைய செம்புப் பாய்லரில் தீ எந்தப் பக்கம் போனாலும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும், மேலே சொன்ன இடுக்குக் கணக்கு அதற்குள்ளேயே அடங்கி இருக்கிறது. கொட்டாங்குச்சி நாலு போட்டாலே குளிக்கிற சூடு வந்துவிடும். புதுசு வாங்கினால் விலை கூடுதல், பரணில் பழசு கிடந்தால் பற்றவைக்கிற கடையில் ஒழுக்கை அடைத்து எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இருந்ததை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்கள், அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு, ஒரே அடுப்பில் எல்லாம் செய்வதில்லை என்பது. சமையலுக்கு மண் அடுப்பையே, கொடியடுப்போடு சேர்த்து, வாயை 13 சென்டிமீட்டருக்குச் சுருக்கி, குமிழை இரண்டு விரல் உயரத்துக்கு இறக்கி, கங்குக்கு அடியில் கம்பிச் சல்லடை போட்டுக் கட்டினோம். கொட்டகை மூன்று பக்கம் திறந்தது என்பதால் புகைபோக்கி வைக்கவில்லை, அதற்குப் பதில் அடுப்பின் நேர் மேலே கூரையில் ஒரு முழம் உயர்த்திப் புகை போக வழி விட்டோம். வெந்நீருக்கும் மாட்டுக் கஞ்சிக்கும் வெளியே வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ராக்கெட், சாம்பல் நிரப்பியது. அந்த அண்டா எப்போதும் ஒரே அளவு என்பதால் அதைச் சுற்றி ஒரு பாவாடை கட்ட முடிந்தது. எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, அண்டாவுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு வளைத்தது, அவ்வளவுதான். தீ அண்டாவின் அடியோடு நிற்காமல் பக்கவாட்டிலும் உரசிக்கொண்டு ஏறுகிறது. பாவாடையோடும் இல்லாமலும் விறகைத் தராசில் நிறுத்து எரித்துப் பார்த்தோம், பாவாடை போட்ட நாளில் கைப்பிடி விறகு மிஞ்சிக் கிடப்பது கண்ணுக்கே தெரிந்தது. துத்தநாகம் பூசிய தகட்டைத் தீக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சூட்டில் கெட்ட புகை வரும். இரண்டு அடுப்புக்கும் சேர்த்துச் செங்கல், கம்பி, கொத்தனாருக்கு அரைநாள் கூலி எல்லாமாக ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

அடுப்பை மாற்ற முடியாதவர்கள் அடுப்பைத் தொடாமலே செய்யக்கூடியவை சில. விறகை வெட்டிய உடனே எரிக்காதீர்கள். பச்சை விறகின் எடையில் பாதி வரை தண்ணீர்தான், அந்தத் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் உங்கள் பானைக்குச் சூடு வரும். தை, மாசியில் வெட்டிக் கூரைக்கு அடியில் காற்றோட்டமாக அடுக்கினால் ஆடிக்கு அருமையாக எரியும். உலைக்கு மூடி போடுங்கள். பருப்பையும் பயறையும் ஊற வையுங்கள். கொதி வந்த பிறகு தீயைத் தணித்துவிடுங்கள், தளதளவென்று கொதித்தாலும் மெதுவாகக் கொதித்தாலும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, சோறு வேகிற நேரம் ஒன்றுதான், எரிகிற விறகு மட்டும் இரண்டு பங்கு. பானையின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றினால் கரி தேய்க்கிற வேலை பாதி குறையும், இது அம்மா சொன்னது.

ராக்கெட்டின் உள் மூலையும் தட்டுத் தகடும் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது என்று நினைக்கிறேன், அதனால் தகட்டை மண்ணில் பதிக்காமல் உருவி எடுக்கிற மாதிரிதான் வைத்திருக்கிறோம். நீங்கள் கட்டும்போதும் அப்படியே செய்யுங்கள். கொத்தனாரைக் கூப்பிடுகிற அன்று அளவு எழுதிய தாளோடு உங்கள் உலைப் பானையையும் அண்டாவையும் அவர் முன்னால் எடுத்து வையுங்கள். பானையை நேரில் வைத்துக் காட்டாவிட்டால் அவர் கைப்பழக்கத்தில் பழைய நாலு விரல் குமிழைத்தான் வைத்துவிட்டுப் போவார், எங்கள் வீட்டிலும் முதல் தடவை அப்படித்தான் வைத்தார், காய்வதற்குள் திரும்ப இடித்துக் கட்டச் சொன்னோம்.